பழைய வண்டிக்கு பின்னாடி ஆக்ஸில் மாத்தணுமா? சென்னைல பழைய வண்டி சாமான் விக்கிற புதுப்பேட்டைக்கு கிளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

வீட்ல ஒரு பழைய அம்பாசடரோ பத்மினியோ கான்டஸாவோ வச்சிருக்கீங்க, அம்பது கிலோமீட்டர் ஸ்பீடு தாண்டினதும் பின்னாடி சீட்டுக்கு கீழ இருந்து ஊளை உடுற மாதிரி ஒரு சத்தம் வருது, மெக்கானிக் வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டி பாத்துட்டு "கிரவுன் போச்சு சார், பேசாம ஆக்ஸிலையே மாத்திடலாம்"னு சொல்லிட்டாரு. இப்ப நீங்க இருக்குற இந்த இடத்துல நான் ஏற்கனவே ரெண்டு தடவ நின்னிருக்கேன். எங்க அப்பாவோட மார்க் 4 அம்பாசடருக்கு மொத தடவ அவசரப்பட்டு வாங்கினது தப்பான ஆக்ஸில், ரெண்டாவது தடவ டேப்பும் சாக்பீசும் எடுத்துட்டு போய் வாங்கினது இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதுதான் இது.

மொதல்ல ஒரு விஷயம், சத்தம் வருதுனா அது டிஃபரென்ஷியல்தானான்னு (ஆக்ஸில் நடுவுல இருந்து ரெண்டு பின் சக்கரத்தையும் சுத்த வைக்கிற பல் சக்கர பெட்டி) பாருங்க. பாதி கேஸ்ல கிடையாது. காலைல 5 மணிக்கு வண்டலூர் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு மாதிரி காலியான ரோட்ல எடுத்துட்டு போங்க, ஏசி ரேடியோ எதுவும் இல்லாத வண்டிதானே, ஜன்னல மட்டும் ஏத்திடுங்க. ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது ஊளை, கால எடுத்ததும் நின்னு போகுது, இல்லனா கால எடுத்தாதான் ஊளை வருதுன்னா அது கிரவுன் பினியன் பக்கம் (டிஃபரென்ஷியலுக்குள்ள இருக்குற பெரிய பல் சக்கரம் கிரவுன், அத சுத்துற சின்னது பினியன்). ஆக்ஸிலேட்டர் அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி உர்ர்ர்னு வந்துட்டு, லேசா வண்டிய லெஃப்ட் ரைட் ஆட்டினா மட்டும் சத்தம் கூடி கொறஞ்சா அது வீல் பேரிங். ஆக்ஸில மாத்தவே வேணாம், பேரிங்கும் சீலும் போட்டா முடிஞ்சுது. கிளட்ச விடும்போது மட்டும் "டொக்"னு ஒரு அடி, அதுக்கப்புறம் சத்தமே இல்லனா மொதல்ல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி வர்ற நீள தண்டு) கிராஸ்ஸ, அதாவது அதோட மூட்ட, பிடிச்சு ஆட்டி பாருங்க, அதுல பிளே (ஆட்டம்) இருந்தா அதுதான் குத்தவாளி, அதுவும் கை அடக்க செலவு. டயர்ல மேடு பள்ளமா தேஞ்சிருந்தாகூட கிரவுன் சத்தம் மாதிரியே ஏமாத்தும், அதனால முன் டயர பின்னாடி மாத்தி போட்டு ஒரு தடவ ஓட்டுங்க. சத்தம் டயர் கூடவே எடம் மாறிச்சுனா டிஃபரென்ஷியல் மேல பழி போட வேணாம்.

அப்புறம் அடியில இருக்குற ட்ரெய்ன் பிளக்க கழட்டி ஆயில ஒரு பழைய தட்டுல புடிங்க. சாம்பல் கலர்ல மை மாதிரி நைசா இருந்தா வயசான வண்டிக்கு அது சகஜம். ஊசி மாதிரி, தகடு மாதிரி துண்டு வந்தா உள்ள பல்லோ பேரிங்கோ உடையுதுன்னு அர்த்தம். காபி கலர்ல பால் கலந்த மாதிரி வந்தா தண்ணி பூந்திருக்கு. சென்னைல இது ரொம்ப முக்கியம், ஏன்னா 2015 டிசம்பர்ல, திரும்ப 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எத்தன வண்டி முழுகிச்சுன்னு நமக்கு தெரியும். ஆக்ஸில் மேல ப்ரீதர்னு சின்னதா ஒரு மூச்சு குழாய் இருக்கும், சூடா ஓடிட்டு வந்த ஆக்ஸில் திடீர்னு தண்ணில நின்னா உள்ள இருக்குற காத்து சுருங்கி, ப்ரீதர் வழியாவும் சீல் வழியாவும் தண்ணிய உள்ள இழுத்துக்கும். அந்த ஆயில மாத்தாம ரெண்டு மாசம் நிறுத்தி வச்சா பேரிங் எல்லாம் துரு புடிச்சு புள்ளி விழுந்துடும்.

சரி, நெஜமாவே போயிடுச்சு. இப்ப மூணு வழி இருக்கு. கிரவுன் பினியன் மட்டும் மாத்தலாம், டிஃபரென்ஷியல் கூட்ட மட்டும் மொத்தமா மாத்தலாம், இல்ல டிரம்ல இருந்து டிரம் வரைக்கும் முழு ஆக்ஸிலா மாத்தலாம். கிரவுன் பினியன் மட்டும் போடுறது கேக்க சிக்கனமா இருக்கும், ஆனா அது ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு பிளே செட் பண்ண தெரிஞ்ச கைக்கு மட்டும்தான் சரிப்படும். கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவுல இருக்க வேண்டிய பிளே பொதுவா 0.1லருந்து 0.2 மில்லிமீட்டர், அத டயல் கேஜ் வச்சு பாக்கணும், கையால ஆட்டி பாத்து "கரெக்டா இருக்கு சார்"னு சொல்றவர்ட்ட அந்த வேலைய குடுக்காதீங்க, ஆயிரம் கிலோமீட்டர்ல திரும்ப ஊளை உடும். பழைய மெக்கானிக் சில பேர் பல்லுல கலர் தடவி சுத்திட்டு எந்த இடத்துல உரசுதுன்னு பாத்து ஷிம் மாத்துவாங்க, அப்படி ஒருத்தர் உங்களுக்கு தெரிஞ்சா கைல வச்சுக்கோங்க, விடாதீங்க.

அம்பாசடர் மாதிரி ஹவுசிங்ல (ஆக்ஸிலோட வெளி இரும்பு உடம்பு) ஒரு வசதி, ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட கொஞ்சம் வெளில இழுத்துட்டு, முன்னாடி பக்கம் நட்டு எல்லாம் கழட்டினா டிஃபரென்ஷியல் கூடு முழுசா கையோட வந்துடும். ஹவுசிங் வளையல, ஹப் (சக்கரம் மாட்டுற இடம்) நல்லா இருக்கு, பல்லு மட்டும்தான் பிரச்சனைனா இந்த நடு வழிதான் என்னோட சாய்ஸ். பிரேக்க தொட வேண்டியது கம்மி, ஸ்பிரிங்க தொடவே வேணாம். பின்னாடி மூடி போட்ட, கூடு ஹவுசிங்கோடயே சேந்து வர்ற டைப்ல இது நடக்காது, அங்க செட்டிங் தெரிஞ்சவர தேடணும் இல்ல முழு ஆக்ஸில் வாங்கணும். வண்டி எங்கயாவது இடிச்சு பின்னாடி சக்கரம் கோணலா நிக்குது, டயர் ஒரு பக்கமா தேயுதுன்னா யோசிக்கவே வேணாம், முழு ஆக்ஸில்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வச்சிருக்கவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. நம்ம வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் செஞ்ச வண்டி, சென்னைல இன்னும் சில வீட்ல பாலித்தீன் போத்தி நிக்குது. அதுல டிஃபரென்ஷியல் சேஸ்ஸோட போல்ட் பண்ணி அசையாம நிக்கும், ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட் தனித்தனியா மேல கீழ ஆடும், மேல குறுக்கால ஒத்த ஸ்பிரிங். 70கள்ல வந்த கெஸல்ல அத எடுத்துட்டு நேரான முழு ஆக்ஸிலா மாத்திட்டாங்க. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே குடும்பம்னு நம்பி கெஸல் ஆக்ஸில ஹெரால்டுக்கு வாங்கிட்டு போனீங்கன்னா மாட்டுறதுக்கே இடம் இருக்காது. அதே மாதிரி கான்டஸாவுக்கு பின்னாடி காயில் ஸ்பிரிங், அம்பாசடருக்கு பட்டை ஸ்பிரிங். ரெண்டுமே இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான்னு ஒரு கடைக்காரர் என்கிட்ட அடிச்சு சொன்னாரு. கம்பெனி ஒண்ணுதான் அண்ணே, ஆக்ஸில் உக்கார்ற சீட்டு ஒண்ணு இல்லையே.

இப்ப அளவு. கடைக்கு போறதுக்கு முன்னாடி உங்க வண்டிய ஸ்டாண்ட் மேல ஏத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி கீழ படுக்காதீங்க, முன் சக்கரத்துக்கு கட்டை வைங்க. ஒரு நோட்டுல இத எல்லாம் எழுதுங்க: ஒரு டிரம்மோட வெளி முகத்துலருந்து அந்த பக்க டிரம்மோட வெளி முகம் வரைக்கும் எவ்வளவு, ரெண்டு பட்டை சீட்டோட நடு துளைக்கு நடு துளை எவ்வளவு, பினியன் மூக்கு ஹவுசிங்குக்கு நட்ட நடுவுல இருக்கா இல்ல ஒரு பக்கமா தள்ளி இருக்கா, பினியன் ஃபிளாஞ்ச்ல (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டுற வட்ட தகடு) நாலு துளையோட தூரம், டிரம் உள் விட்டம், ஹேண்ட்பிரேக் கேபிளா ராடா, எங்க மாட்டுது, பிரேக் பைப் எந்த பக்கம் வருது. டிரம்ல இருந்து டிரம் அளவு பத்து மில்லிமீட்டர் கூடினாகூட சில வண்டில டயர் மட்கார்ட் உள்ள உரசும், அதுவும் நாலு பேர் உக்காந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதுதான் தெரியும்.

வீல் போல்ட் இடைவெளிய அளக்குறதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. நாலு போல்ட்டுனா ஈசி, எதிர் எதிர் போல்ட்டோட நடு டு நடு அளந்தா அதுதான் அளவு. அஞ்சு போல்ட்டுனா எதிர்ல போல்ட்டே கிடையாது, அதனால பக்கத்து பக்கத்து ரெண்டு போல்ட்டோட நடு டு நடு அளந்து 1.701ஆல பெருக்குங்க. 67.2 மில்லிமீட்டர் வந்துச்சுனா 114.3, அதாவது நாலரை அங்குலம். இத கடைல நின்னுட்டு ஃபோன் கால்குலேட்டர்ல போட்டா கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். போல்ட்டோட மரையும் பாருங்க. இங்கிலீஷ் வம்சத்து வண்டில அங்குல மரை, ஃபியட் வம்சத்துல மெட்ரிக், அது போதாதுன்னு சில பழைய ஆக்ஸில்ல ஒரு பக்க ஹப் நட்டு ரிவர்ஸ் மரை, அது தெரியாம பைப்ப மாட்டி தொங்கி இன்னும் இறுக்கிடுவாங்க.

அடுத்தது ரேஷியோ, நான் மாட்டிக்கிட்டது இங்கதான். சக்கரம் ஒரு சுத்து சுத்த ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணும்ங்குறதுதான் ரேஷியோ. மொத தடவ போன கடைல "அம்பாசடர் ஆக்ஸில்தான் சார், கண்ண மூடிட்டு போடுங்க"ன்னாங்க, நானும் கண்ண மூடிட்டேன். ஆனா அம்பாசடர்னு பேர் மட்டும்தான் ஒண்ணு, 1958லருந்து 2014 வரைக்கும் வந்த வண்டி, நடுவுல 1489 சிசி பெட்ரோல், அப்புறம் டீசல், 90கள்ல 1.8 இசுசுன்னு இன்ஜின் மாறிட்டே இருந்துச்சு, எந்த வண்டில எந்த ரேஷியோ இருக்கும்னு பேர வச்சு சொல்ல முடியாது. எனக்கு வந்தது என்னோடத விட அரை சுத்துக்கு மேல கம்மி. சிட்டிக்குள்ள மொதல்ல சந்தோஷமா இருந்துச்சு, இன்ஜின் சத்தம் கம்மியாச்சு, ஏதோ கார் புதுசான மாதிரி. அந்த சந்தோஷத்துல குடும்பத்த ஏத்திட்டு ஏலகிரி போனேன் பாருங்க, 14 கொண்டை ஊசி வளைவுல ஒவ்வொண்ணுலயும் ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் கருகுன வாடை, பின் சீட்ல அம்மா "நான் எறங்கி நடந்து வரேன்டா"ன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு.

கணக்கு சிம்பிள்தான். டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2 மீட்டர் போகுதுன்னு வைங்க, டாப் கியர்ல இன்ஜினும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்துது. இன்ஜின் 3000 சுத்து சுத்தும்போது 4.875 ரேஷியோவுக்கு வண்டி சுமார் 74 கிலோமீட்டர் ஸ்பீடு, 4.3க்கு 84, 3.9க்கு 92. ஹைவேல மட்டும் ஓட்டுறவங்களுக்கு சின்ன நம்பர் சுகம், ஆனா உங்க இன்ஜின்ல அத இழுக்குற தெம்பு இருக்கணும். 1089 சிசி பத்மினிக்கோ 1489 சிசி அம்பாசடருக்கோ ஒரிஜினல் ரேஷியோவ விட்டு ரொம்ப இறங்காதீங்க. கதிப்பாரா பாலம்கூட பரவாயில்ல, மால் பேஸ்மென்ட்ல இருந்து டோக்கன் குடுத்துட்டு மேட்டுல நின்னு எடுக்கும்போது புரியும். இன்னொண்ணு, இந்த மாதிரி வண்டில ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருது, டிஃபரென்ஷியல் மாறினது அதுக்கு தெரியாது. 4.875 எடுத்துட்டு 4.3 போட்டா மீட்டர் 60 காட்டும்போது நீங்க நெஜத்துல 68ல போயிட்டு இருப்பீங்க.

கடைல தரைல கிடக்குற ஆக்ஸில்ல ரேஷியோ எண்ணுறது ரொம்ப ஈசி, மூடிய திறக்க வேணாம். ஒரு பக்க ஹப்ப யாரையாவது கெட்டியா புடிச்சுக்க சொல்லுங்க, பினியன் ஃபிளாஞ்ச்ல சாக்பீஸ்ல ஒரு கோடு, இந்த பக்க ஹப்ல ஒரு கோடு. ஒரு பக்கம் புடிச்சிருக்குறதால இந்த பக்கம் ரெண்டு சுத்து சுத்தினாதான் கிரவுன் ஒரு சுத்து சுத்தும், இத மறந்துட்டுதான் பாதி பேர் பாதி நம்பர சொல்றாங்க. அதனால ஹப்ப 20 சுத்து சுத்துங்க, ஃபிளாஞ்ச் எத்தன சுத்து வந்துச்சுன்னு எண்ணி பத்தால வகுங்க. 43 வந்தா 4.3, 48ம் முக்காலும் வந்தா 4.875. கூடு திறந்திருந்தா கிரவுன்லயே 10/43, 8/39னு பல்லு எண்ணிக்கை அடிச்சிருப்பாங்க, கூடவே ஒரு ஜோடி நம்பர் இருக்கும், அதே நம்பர் பினியன்லயும் இருக்கணும். நம்பர் ஒத்து வரலனா ரெண்டு வண்டியோட பல்ல கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அது கண்டிப்பா சத்தம் போடும்.

புதுப்பேட்டைக்கு காலைல போங்க, மத்தியானத்துக்கு மேல ஆதித்தனார் சாலை பக்கம் வெயில்லயும் கூட்டத்துலயும் பொறுமையா பாக்க முடியாது. சீல், பேரிங், கிராஸ், பிரேக் சாமான் மாதிரி புதுசா வாங்க வேண்டியது எல்லாம் அப்படியே ஜிபி ரோட்ல (ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு) கேட்டுக்கலாம். பழைய ஆக்ஸில் கைல கெடச்சதும் மொதல்ல கையால ஃபிளாஞ்ச புடிச்சு முன்ன பின்ன இழுங்க, அந்த திசைல சுத்தமா ஆடவே கூடாது, ஆடினா பினியன் பேரிங் போச்சு. சுத்துற திசைல கொஞ்சம் பிளே இருக்கும், அது பரவாயில்ல, ஆனா "டக் டக்"னு கால் சுத்து ஆடினா உள்ள ஸ்டார் பினியனும் (ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற குட்டி பல் சக்கரம்) வாஷரும் தேஞ்சிருக்கு. ஹப்ப மெதுவா சுத்திட்டு ஒரு குச்சிய பக்கத்துல நிலையா வச்சு பாருங்க, ஹப் முகம் உள்ள வெளில அலைஞ்சா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. ரெண்டு பக்கத்துலயும் நேரான பட்டையா ஒரு கம்பிய ஹப் முகத்துல வச்சு ரெண்டு கம்பிக்கும் நடுவுல முன்னாடி தூரமும் பின்னாடி தூரமும் அளங்க, வித்தியாசம் வந்தா ஹவுசிங் வளைஞ்சது, அத தட்டி நிமுத்தி தரேன்னு சொன்னா கும்புடு போட்டுட்டு வந்துடுங்க.

ஆக்ஸில் ஷாஃப்ட கழட்டி காட்ட சொல்லுங்க. நுனில இருக்குற பல் வரி நேர் கோடா போகணும், முறுக்கின கயிறு மாதிரி லேசா சாஞ்சிருந்தா அது முறுக்கு வாங்கின ஷாஃப்ட், எப்ப வேணா உடையும். திறந்து பாக்க விட்டா கிரவுன் பல்லுல நீல கலர் இருக்கான்னு பாருங்க, ஆயில் இல்லாம ஓடி சூடேறினா அப்படி ஆகும். ஸ்டார் பினியன வெல்டிங் வச்சு ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்துற மாதிரி பண்ணி வச்சிருக்காங்களான்னும் பாருங்க, அதுக்கும் ஆள் இருக்காங்க. வெளில பளபளன்னு கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும், அழுக்கும் ஆயில் பிசுக்கும் ஒட்டின ஆக்ஸில்தான் எனக்கு நம்பிக்கை, அது எங்க லீக் ஆச்சுன்னு அதுவே சொல்லிடும்.

"ஜீப் ஆக்ஸில் போடுங்க சார், ஆயுசுக்கும் உடையாது"ன்னு கட்டாயம் ஒருத்தர் சொல்லுவாரு. உடையாது, உண்மைதான். ஆனா பழைய வில்லிஸ் டைப் ஜீப்ல பின்னாடி பினியன் நடுவுல கிடையாது, ஒரு பக்கமா தள்ளி இருக்கும், உங்க கார்ல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணலா ஓடும். ரேஷியோ 5.38, மேல சொன்ன கணக்குல 3000 சுத்துக்கு 67 கிலோமீட்டர்தான். பட்டை சீட்ட வெட்டி வெல்டிங் வைக்கணும், பிரேக் மொத்தமா வேற. அதே மாடல் அதே வருஷ குடும்பத்து ஆக்ஸில் கிடைக்குற வரைக்கும் நான் வேற வண்டி ஆக்ஸில் பக்கம் போகவே மாட்டேன், ஒரு மாசம் காத்திருந்தாலும் சரி. வண்டிய வெட்டி ஒட்டி மாத்தினா ஆர்டிஓல ஆர்சி ரினியூவல் அப்ப கேள்வி வரும், 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அந்த தலைவலி ஏற்கனவே இருக்கு. எந்த கடைல வாங்கினாலும் பில் வாங்கிக்கோங்க, எந்த வண்டில இருந்து வந்ததுன்னு அதுலயே எழுத சொல்லுங்க.

வீட்டுக்கு கொண்டு வர்றதுக்கு மீன்பாடி வண்டியோ குட்டி யானையோ பேசிக்கோங்க, டிக்கில ஏத்தலாம்னு நெனச்சு நானும் மச்சானும் தூக்கி இடுப்பு புடிச்சதுதான் மிச்சம். மாட்டுறதுக்கு முன்னாடியே, ஆக்ஸில் கீழ கைக்கு எட்டுற இடத்துல இருக்கும்போதே, ரெண்டு ஹப் சீல், பினியன் சீல், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு போட்டுடுங்க. பினியன் நட்ட கழட்டுறதுக்கு முன்னாடி நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் சேத்து ஒரு கோடு போட்டு, எத்தன சுத்துல வந்துச்சுன்னு எண்ணி, திரும்ப அதே இடத்துக்கு கொண்டு வரணும், கண்டபடி இறுக்கினா பேரிங் மேல லோடு ஏறி சூடாயிடும். ப்ரீதர் ஓட்டைய கம்பி விட்டு சுத்தம் பண்ணுங்க, அது அடைச்சிருந்தா உள்ள ப்ரெஷர் ஏறி ஆயில் சீல தாண்டி பிரேக் டிரம்முக்குள்ள வந்துடும், ஏற்கனவே அம்பாசடர் பிரேக் எப்படின்னு சொல்லணுமா. ஆக்ஸில பட்டையோட சேத்து புடிக்கிற யூ போல்ட் பழசு வேணாம். கிரவுன் ஆயில் ஈபி 90, இப்ப கடைல 80டபிள்யூ 90 ஜிஎல் 5னு கிடைக்கும், பக்கத்துல இருக்குற லெவல் பிளக் ஓட்டைல வழியுற வரைக்கும் ஊத்தினா போதும், "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்"னு எக்ஸ்ட்ரா ஊத்தாதீங்க.

மொத 500 கிலோமீட்டர் லோடு ஏத்தாம ஓட்டிட்டு ஆயில எறக்கி பாத்து புதுசு ஊத்துங்க, வண்டி தரைல நாலு கால்ல நிக்கும்போது யூ போல்ட்ட திரும்ப இறுக்குங்க. அது வரைக்கும் கழட்டின பழைய ஆக்ஸில இரும்பு கடைக்கு போட்டுடாதீங்க. ஒரு பக்க ஷாஃப்ட், டிரம், ஹேண்ட்பிரேக் லீவர், பைப் கிளிப்னு ஏதாவது ஒண்ணு புதுசுல இருக்காது, அப்ப அதுல இருந்துதான் கழட்டுவீங்க. என்னோடது இன்னும் மாடிப்படிக்கு கீழதான் கிடக்கு, வீட்ல தினம் கேக்குறாங்க.